குறிகட்டுவான்

கொக்குவிலில், பல் டொக்டரின் மேல்மாடியில்
எங்கள் கம்பனி.
கீழே துளைக்கிற சத்தம் தொடங்கும்போது
நான் ஒரு ஹாஷ் அடித்து, வெளி விட்டு, எழுதுவேன்:
படகுச் சீட்டு மென்பொருள், பாவனைக் கையேடு.

முதலில் வேர்டில் கேட்டார்கள். கொடுத்தேன்.
இறுதி. இறுதி இரண்டு. உண்மையான இறுதி.
விதுர்ஷன் பார்த்த இறுதி.
பாமினி இல்லாத கணினியில் திறந்தபோது
'தமிழ்' என்று நான் அடித்தது
ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி
என்று கிடந்தது.
அன்றோடு வெறும் எழுத்துக்கு வந்தேன்.
நிறமில்லை, ஓரமில்லை.
ஒரு நட்சத்திரம் வைத்தால் பட்டியல்,
ஒரு வெற்று வரி விட்டால் புதுப் பந்தி.
விட மறந்தால்
பட்டியல் மேலே ஏறிப்
பந்தியோடு ஒட்டிக்கொள்ளும்,
மினிபஸ் மிதிபலகையில் நிற்கிறவன் மாதிரி.

ஒன்றில்தான் மாட்டுப்பட்டேன்.
'சேமி' என்ற பொத்தானைச் சாய்த்துக் காட்ட
இரண்டு கீழ்க்கோட்டுக்கு நடுவில் வைத்து
'யை' சேர்த்தால்
சாயாது சொல். கோடு இரண்டும்
அப்படியே பல்லைக் காட்டும்.
சொல் முடிந்தால் வெளி வேண்டுமாம் அதற்கு.
எங்கள் உருபோ
பெயரின் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை.

"வெளி விட்டு எழுதுங்கோ அக்கா,
ஆர் பாக்கப்போகினம்" என்றான் விதுர்ஷன்.
விட்டுப் பார்த்தேன். சேமி. பிறகு, தனியே, யை.
மத்தியானச் சோறு இறங்கவில்லை.
திரும்பி வந்து கோட்டை அழித்தேன்,
முன்னே இரண்டு நட்சத்திரம், பின்னே இரண்டு.
பெயர் தடித்து நின்றது,
உருபு மெலிந்து கூடவே வந்தது.
அதைத் திரையில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன்,
வேலை நேரத்தில்.

இன்னொரு நாள், கட்டளையைச் சுற்றி
மூன்று கீறால் வேலி போட்டவள்
மூட மறந்துவிட்டேன்.
பக்கத்தின் மிச்சம் முழுக்கக் கட்டளையாகிப் போனது,
எச்சரிக்கையும், தொலைபேசி இலக்கமும்,
கடைசியில் நான் எழுதிய நன்றியும்.
விதுர்ஷன் ஓரத்தில் எழுதினான்:
படலை சாத்தேல்லை.

பிறகு அந்த ஆடிக் காற்று.
நெடுந்தீவுப் படகுக்கு அறுபது பேர்,
ஒரே இருக்கைக்கு இரண்டு சீட்டு.
இறங்குதுறையில் சிக்னல் ஒரு கோடு,
கையேட்டுப் பக்கம் திறக்கவில்லை.
பெனடிக்ராவின் போனில் இருந்தது
எப்போதோ வைபரில் போன மூலக் கோப்பு,
உடுப்பு மாட்டாத எழுத்து.

எடுத்து எனக்கே வாசித்தாள், காற்றுக்கு மேலால்:
"ரெண்டு ஹாஷ், சீட்டை ரத்துச் செய்தல்.
ஒண்டு, புள்ளி, அண்டைய பட்டியலைத் திறக்கவும்.
ரெண்டு, புள்ளி,
நட்சத்திரம் நட்சத்திரம் சேமி
நட்சத்திரம் நட்சத்திரம் யை…"
நின்றாள்.
"இதிலை குரலை உயத்த வேணும், என்ன?"
ஓம் என்றேன்.
"விளங்குது. வையுங்கோ."

பின்னால் யாரோ பால்மாப் பெட்டிக்குச் சண்டை.
இயந்திரம் இருமிக் கிளம்பியது.

இரவு அதே கோப்பு திரும்பி வந்தது.
என் நாலாம் படி பிழை,
படகின் பெயரை முதலில் தெரிய வேண்டும்,
இல்லாவிட்டால் மற்றப் படகின் ஆட்களையும் இறக்கிவிடும்
என்று எழுதியிருந்தாள்.
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை:
எண், புள்ளி, வெளி,
முன்னும் பின்னும் நட்சத்திரம்,
மேலே ஒரு வெற்று வரி.
எச்சரிக்கைக்கு மட்டும் மூன்று ஹாஷ் போட்டு
ஒரு வியப்புக்குறியும் வைத்திருந்தாள்,
எங்கள் விதிப்படி அது கூடாது.
வியப்புக்குறியை எடுத்தேன்.
கொஞ்சம் யோசித்துத் திரும்ப வைத்தேன்.

கடைசி வரியில் பேரும் ஊரும்.
போனில் அவசரமாய் அடித்ததில்
ஊருக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்திருந்தது:
பெனடிக்ரா, குறி கட்டுவான்.

விதுர்ஷன் அதைப் பிழை என்று குறித்திருந்தான்.
நான் திருத்தவில்லை.